கண்ணீரும் காணியும்: ‘ஷேன்’ திரைப்படத்தின் விமர்சன வரவேற்பு பற்றிய ஒரு திருகோணமலை நோக்கு

1. தோற்றுவாய்

ஒரு கலைப்படைப்புத் தோன்றிய சூழலை ஆராய்வதில் நமது விமர்சகர்கள் காட்டிவந்துள்ள அக்கறை, அப்படைப்பு எவ்வாறு ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதை ஆராய்வதிற் காட்டப்படவில்லை. படைப்பாளியின் வர்க்க நிலைப்பாட்டைப் பற்றி நிறையவே பேசியுள்ளோம்; அவனைப் பாராட்டியோரின் வர்க்க நிலைப்பாட்டைப் பற்றிப் பேசியது குறைவு. ஆயின் ஒரு படைப்பை ஏற்றவர்கள் அதில் எதைக் கண்டனர், எதைக் காணாது விட்டனர் என்பதும் அப்படைப்பின் சமூக வரலாற்றின் பகுதியே என்பது மனங்கொள்ளத்தக்கது.

இந்நோக்கில் ஆராய்தற்கு மிகப் பொருத்தமான ஓர் எடுத்துக்காட்டு, ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் நெறியாள்கை செய்து 1953 ஏப்பிரலில் நியூயோர்க்கில் வெளியான ‘ஷேன்’ என்னும் திரைப்படமாகும். நம்மவர் ‘கௌபோய்ப் படம்’ என்று பொதுவாக வழங்கும் ‘வெஸ்டர்ன்’ வகையைச் சேர்ந்த படங்களுள், பார்ப்போரின் கண்ணீரை இதனளவு வேண்டிநிற்கும் படங்கள் மிகச் சிலவே. அந்தக் கண்ணீரை விமர்சகர் சிலர் போற்றினர், சிலர் ஐயுற்றனர். இரு சாராருமே அது யாருக்காகச் சிந்தப்படுகின்றது என்பதை நீண்ட காலம் வினவினாரல்லர்.

இக்கட்டுரைக்குத் தூண்டுதலாயமைந்தது ஒரு சிறு நிகழ்ச்சி. சில காலத்தின் முன் திருகோணமலை உட்துறைமுகத்தை அண்டிய ஒரு வீட்டில், மாணவரும் அயலவருமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி இப்படத்தைப் பார்த்தோம். இறுதியிற் சிறுவன் கூவியழைக்கக் குதிரைக்காரன் திரும்பாது செல்லும்போது அவ்வறையிற் பலர் கண்கலங்கினர். படம் முடிந்து விளக்குப் போட்டதும், ஒரு காலத்திற் கந்தளாய்ப் பக்கத்தில் மாட்டுப் பட்டி வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்த முதியவரொருவர், “அழுதது சரி தம்பி. உந்தக் காணி முந்தி ஆருடையது?” என்று கேட்டார். அவ்வினாவை இப்படத்தைப் பற்றி எழுதிய விமர்சகரிடம் கொண்டுசென்று பார்ப்பதும், பின்னர் அதனை நம்மிடமே திருப்பிக் கேட்டுப் பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2. படமும் அதன் வரலாற்றடியும்

படத்தின் மூலக்கதையை எழுதியவர் ஜக் ஷேபர். 1946 இற் சஞ்சிகையொன்றில் தொடராக வந்த அது, 1949 இல் நாவலாக வெளியிடப்பட்டது. திரைக்கதையை எழுதியவர் நாவலாசிரியரான ஏ. பி. கத்ரி. படப்பிடிப்பு 1951 இல் வயோமிங் மாநிலத்தின் ஜக்சன் ஹோல் பள்ளத்தாக்கில், டீற்றன் மலைத்தொடரின் அடிவாரத்தில் நடைபெற்றது.

கதை எளிமையானது. பெரும் கால்நடைப் பண்ணையாளனாகிய ரைக்கர், தன் மாடுகள் மேய்ந்துவந்த வெளியிற் குடியேறி வேலியடைத்துப் பயிர்செய்யும் சிறு குடும்பங்களை விரட்ட முனைகின்றான். அக்குடியேற்றவாசிகளுள் உறுதிமிக்கவன் ஜோ ஸ்டாரெட். எங்கிருந்தோ குதிரையில் வரும் ஷேன் அவனிடம் வேலைக்கு அமர்கின்றான். முன்பு துப்பாக்கியையே தொழிலாகக் கொண்டவன் அவன். அதனை மறந்து வாழ விழைகின்றான். ஸ்டாரெட்டின் மனைவி மரியனுக்கும் ஷேனுக்குமிடையே சொல்லப்படாத ஓர் ஈர்ப்பு உண்டு. மகன் ஜோயி ஷேனைத் தெய்வமாகவே கொள்கின்றான். ரைக்கர், வில்சன் என்னும் கூலிக் கொலைகாரனை வரவழைக்கின்றான். வில்சன், டொறி என்னும் குடியேற்றவாசியைச் சேற்றுத் தெருவிற் சுட்டு வீழ்த்துகின்றான். ஈற்றில் ஷேன், ஸ்டாரெட்டை அடித்து மயங்கச் செய்துவிட்டு அவனுக்குப் பதிலாகத் தானே சென்று வில்சனையும் ரைக்கரையும் அவன் தம்பியையும் கொன்று, காயத்துடன் பள்ளத்தாக்கைவிட்டு நீங்குகின்றான்.

இக்கதைக்கு வரலாற்றடி உண்டு. 1862 ஆம் ஆண்டுக் குடிமனைச் சட்டம், ஐந்தாண்டு தங்கிப் பயிர்செய்வோருக்கு 160 ஏக்கர் வரையான அரச நிலத்தை வழங்க வகைசெய்தது. வயோமிங்கில் அச்சட்டத்தின் வழிவந்த சிறு விவசாயிகளும், திறந்த வெளியில் மந்தை மேய்த்த பெரும் மூலதனக்காரரும் மோதினர். 1892 ஏப்பிரலில், வயோமிங் கால்நடை வளர்ப்போர் சங்கத்தைச் சேர்ந்த பெரும் பண்ணையாளர் டெக்சாசிலிருந்து கூலிக்குத் துப்பாக்கிக்காரரைத் திரட்டிக்கொண்டு ஜோன்சன் கவுண்டிக்குட் புகுந்து, நேட் சம்பியன், நிக் ரே ஆகிய இருவரைக் கொன்றனர். ஊரார் ஆயுதமேந்தித் திரண்டு அவர்களை ஒரு பண்ணைவீட்டில் வைத்துச் சுற்றிவளைத்தனர். அவ்வேளையில் ஜனாதிபதி பெஞ்சமின் ஹரிசனின் ஆணைப்படி சென்ற குதிரைப்படையே முற்றுகையிடப்பட்டோரைக் காப்பாற்றியது. அவர்கள்மீதான வழக்கு ஈற்றிற் கைவிடப்பட்டது, ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

வரலாற்றையும் படத்தையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து இரு மாற்றங்கள் புலப்படும். வரலாற்றிற் சிறு விவசாயிகள் கூட்டாகத் தம்மைக் காத்துக்கொண்டனர். படத்தில் அவர்கள் கூடிக் கூடிப் பேசிக் கலைகின்றனர், தனியொருவன் அவர்களை மீட்கின்றான். வரலாற்றில் அரசு பெருமுதலாளிகளின் பக்கம் நின்றது. படத்தில் அரசின் படையோ நீதிமன்றமோ திரையில் தோன்றுவதில்லை. கூட்டுப் போராட்டம் தனிமனித வீரமாகச் சுருங்கும் இம்மாற்றம் நமது வணிகத் திரைப்படங்களிலும் நாம் நன்கறிந்ததே.

3. விமர்சன வரவேற்பின் கட்டங்கள்

‘ஷேன்’ பெற்ற வரவேற்பினை மூன்று கட்டங்களாக வகுத்து நோக்கலாம்.

முதலாவது, நாளிதழ்த் திறனாய்வின் கட்டம். நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையின் பொஸ்லி குரோதர் படத்தை வெகுவாகப் பாராட்டினார். பெரியோரின் கொடிய மோதலை அச்சத்தோடும் வியப்போடும் நோக்கும் சிறுவனின் பார்வையே படத்துக்குப் புதுமை தருகின்றது என்பது அவர் கருத்து. ஒஸ்கார் பரிசுக்கு ஆறு முன்மொழிவுகளைப் பெற்ற இப்படம், வண்ண ஒளிப்பதிவுக்காக லோயல் கிறிக்ஸ் பெற்ற ஒரு பரிசையே ஈட்டிற்று. நில அழகும் குழந்தைமையுமே அக்கட்டத்தின் பாராட்டுக்குரியனவாயிருந்தன.

இரண்டாவது, அறிவுஜீவிகளின் ஐயக் கட்டம். 1954 இல் ‘பார்ட்டிசன் ரிவியூ’ இதழில் றொபேட் வோர்ஷோ எழுதிய கட்டுரை வெஸ்டர்ன் வகை பற்றிய ஆய்வுகளுள் முதன்மையானது. துப்பாக்கியேந்திய வீரனின் தன்மானத்தையும், அவனது வெற்றிக்குள் உறையும் தோல்வியையும் நுணுகி விளக்கிய வோர்ஷோ, ‘ஷேன்’ அவ்வீரனை மனிதனாக அன்றி அருவமான ஓர் ஆவியாக ஆக்கிவிட்டது என்று குறைகண்டார். பிரான்சில் அன்ட்ரே பஸான், 1955 இறுதியில் ‘கையே து சினிமா’ இதழில் எழுதிய கட்டுரையிற் போருக்குப் பிந்திய வெஸ்டர்ன் படங்களுட் சிலவற்றை ‘மேல் வெஸ்டர்ன்’ என்ற பொருள்படும் பெயரால் வகைப்படுத்தினார். தன்னியல்பில் நிற்பதற்கு வெட்கி, தன் இருப்புக்கு நியாயந்தேட அழகியலையோ சமூகவியலையோ அறவியலையோ துணைக்கழைக்கும் படங்கள் அவை. 1952 இல் வந்த ‘ஹை நூன்’ படத்தோடு ‘ஷேனை’யும் அவர் இவ்வகையிற் சேர்த்தார். வெஸ்டர்ன் என்னும் தொன்மத்தையே இப்படம் தன் கருப்பொருளாக்கிக்கொண்டது என்பது அவரது கணிப்பு.

இவ்விருவரின் கணிப்பும் கூர்மையானதே. எனினும் இருவரும் எழுப்பியது வடிவம் பற்றிய பிரச்சினை. ஒரு கலைவகை தன் தூய்மையை இழந்ததா இல்லையா என்பதே அவர்களின் விசாரம். குடியேற்றவாசி நல்லவன், அவன் கேட்பது நியாயம் என்ற படத்தின் அடித்தளத்தை அவர்கள் அசைக்கவில்லை.

மூன்றாவது, 1970 களில் வலுப்பெற்ற கல்விசார் ஆய்வுகளின் கட்டம். 1975 இல் வெளியான வில் றைற்றின் நூல், லெவி-ஸ்ட்றோஸ், புறொப் ஆகியோரின் அமைப்பியல் முறையைக் கையாண்டு, வெஸ்டர்ன் கதைப்பின்னலின் மாற்றங்களைச் சந்தைப் பொருளாதாரத்தின் மாற்றங்களோடு பொருத்திக் காட்டிற்று. அவர் ‘செந்நெறிக் கதைப்பின்னல்’ எனக் கண்டதற்கு ‘ஷேன்’ சிறந்த சான்றாயமைந்தது. 1992 இல் ஜேன் டொம்கின்ஸ், வெஸ்டர்ன் வகையானது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெண் எழுத்தாளர் வளர்த்த மிகையுணர்ச்சி நாவலுக்கு எதிராக எழுந்த ஆண்மையின் எதிர்வினை என வாதிட்டார். அவ்வாறாயின் ‘ஷேன்’ ஒரு சுவையான விலக்கு எனலாம்: விரட்டப்பட்ட கண்ணீர் இதிற் சிறுவனின் வழியாக உள்ளே திரும்பிவிட்டது. அதே 1992 இல் றிச்சட் ஸ்லொட்கின், எல்லைப்புறத் தொன்மமும் அதன் மையமான பூர்வகுடிகளுக்கெதிரான யுத்தமும் இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்க அரசியலில் எவ்வாறு தொழிற்பட்டன என்பதை விரிவாக ஆராய்ந்தார். பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கா தனக்குத் தானே வரைந்துகொண்ட உருவத்தோடு துப்பாக்கி வீரனின் உருவத்தை அவர் இணைத்தார். நலிந்தோரைக் காக்க விருப்பமின்றியே ஆயுதமெடுக்கும் வல்லவன் என்பதே அவ்வுருவம். படம் கொரியப் போர்க்காலத்தில் உருவாகி வெளியானது என்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

இவற்றோடு, ஸ்டீவன்ஸ் 1945 இல் அமெரிக்க இராணுவப் படப்பிடிப்புப் பிரிவுடன் டாகௌ வதைமுகாமுக்குட் சென்று படமெடுத்தவர் என்பதும், அப்பிரிவு எடுத்த காட்சிகள் நூரம்பேர்க் விசாரணையிற் காட்டப்பட்டன என்பதும் விமர்சகரால் மீள மீள எடுத்துரைக்கப்பட்டன. டொறி சுடப்படும் காட்சியில் நடிகரைக் கம்பியாற் பின்னுக்கு இழுத்தும் வெடியோசையைப் பெருப்பித்தும் ஒரு தோட்டாவின் உண்மையான தாக்கத்தைக் காட்ட அவர் முயன்றார். கொலையின் பாரத்தை அறிந்த ஒருவரின் படம் இது என்பது நியாயமான பாராட்டே. 1993 இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இது சேர்க்கப்பட்டது. 2008 இல் அமெரிக்கத் திரைப்பட நிறுவகம் வெஸ்டர்ன் வகையிற் சிறந்தனவாகத் தெரிந்த பத்துப் படங்களில் மூன்றாமிடம் பெற்றது.

4. கவனிக்கப்படாத ஓர் உரையாடல்

முதியவரின் வினாவுக்கான விடை படத்துக்குள்ளேயே உண்டு. சுதந்திர தினக் கொண்டாட்டத்தின் பின் வீடு திரும்பும் ஸ்டாரெட்டை ரைக்கர் முற்றத்தில் வழிமறித்துச் சமரசம் பேசும் காட்சி அது. இந்த நாட்டை ஆக்கியவர் நாங்கள் என்கிறான் ரைக்கர். பசியோடும் இரத்தத்தோடும் மந்தைகளைக் கொண்டுவந்தமை, இந்தியரோடு பொருதமை, சையன் இனத்தாரின் அம்பு தன் தோளிற் பாய்ந்த வடு இன்னும் வருத்துகின்றமை ஆகியவற்றைச் சொல்கிறான். வில்லனின் வாயில் வைக்கப்பட்டிருப்பினும் இதில் உண்மையான உணர்ச்சி உண்டு. ஸ்டாரெட் அளிக்கும் மறுமொழி கவனிக்கத்தக்கது. உனக்கு முன்னரே பொறிவைத்து வேட்டையாடியோரும் இந்தியரோடு வாணிபம் செய்தோரும் இங்கு வந்துவிட்டனர் என்கிறான் அவன். பிறருக்கு உரிமையே இல்லை என்று நீ கருதலாம், அரசாங்கம் அவ்வாறு கருதவில்லை என்றும் வாதிடுகின்றான்.

இவ்வாதத்தில் இருவகை உரிமைகள் எதிர்நிற்கின்றன. ஒன்று முந்தி வந்தவனின் உரிமை; மற்றையது அரச சட்டம் தந்த உரிமை. மூன்றாமவர் ஒருவர் இருந்தார் என்பதற்கு இருவர் பேச்சுமே சான்று பகர்கின்றது. ஆனால் ரைக்கரின் பேச்சில் அவர் ஓர் அம்பாகவும், ஸ்டாரெட்டின் பேச்சில் அவர் ஒரு வாணிபத் தொடர்பாகவும் மட்டுமே எஞ்சுகின்றார். அவருக்கு முகமில்லை, படத்தில் அவர் பேசும் காட்சி ஒன்றுமில்லை.

படம் பிடிக்கப்பட்ட ஜக்சன் ஹோலின் வரலாறோ வேறுவிதமானது. 1868 இன் உடன்படிக்கை ஷொஷோனி, பனொக் இனத்தாருக்கு ஆளற்ற அரச நிலங்களில் வேட்டையாடும் உரிமையை உறுதிசெய்திருந்தது. 1890 இல் வயோமிங் மாநிலமாயிற்று. 1895 யூலையில் ஜக்சன் ஹோலின் குடியேற்றவாசிகள், மாநில வேட்டைச் சட்டத்தை மீறினரென்று கூறிப் பனொக் குடும்பங்கள் சிலவற்றைக் கைதுசெய்து கொண்டுசென்றனர். அவர்கள் தப்பியோட முயன்றபோது முதியவரொருவர் சுட்டுக்கொல்லப்பட்டார். இதனையொட்டி எழுந்த வழக்கில் 1896 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், வயோமிங் மாநிலமானதோடு உடன்படிக்கை உரிமை இல்லாதொழிந்தது எனத் தீர்த்தது. அத்தீர்ப்பின் அடிப்படையை அதே நீதிமன்றம் நிராகரித்தது 2019 இல், குறோ இனத்தவர் ஒருவரின் வழக்கில். இடையிற் கழிந்தவை 123 ஆண்டுகள்.

ஷேபரின் நாவல் நிகழ்வது 1889 இற் கோடைகாலத்தில். ஆறாண்டுகளின் பின், கமரா பின்னர் வந்து நின்ற அப்பள்ளத்தாக்கிலே, ஸ்டாரெட்டின் வகையினரே துப்பாக்கி ஏந்தினர். சுடப்பட்டவர் பனொக் முதியவர். படத்தின் நெகிழ்ச்சியை மதிப்பிடும் எவரும் இவ்வரலாற்றைக் கணக்கிற் கொள்ளவேண்டும்.

5. நெகிழ்ச்சியின் தொழிற்பாடு

தமிழ் மாணவர்க்கு இப்படத்தை விளங்கிக்கொள்ள நமது மரபே சில கருவிகளைத் தருகின்றது. ஆநிரை கவர்தலையும் மீட்டலையும் வெட்சி, கரந்தை எனப் பாடிய மரபு நம்முடையது. அவ்வீரயுகப் பாடல்களைப் பிறநாட்டு வீரயுக இலக்கியங்களோடு ஒப்பிட்டு 1968 இல் க. கைலாசபதி வெளியிட்ட ஆங்கில ஆய்வும், திணைக் கோட்பாட்டைச் சமனற்ற பொருளாதார வளர்ச்சியின் அடிப்படையில் விளக்கிய கா. சிவத்தம்பியின் 1974 ஆம் ஆண்டுக் கட்டுரையும் இத்துறையில் நமக்கு வழிகாட்டிகள். அந்நோக்கில் ‘ஷேன்’ மருதம் முல்லையை வெல்லும் கதையாகும். வேலியும் ஏரும் வீட்டுத் தோட்டமும் மேய்ச்சல் வெளியை வெல்கின்றன. ஷேனும் ஸ்டாரெட்டும் தோளோடு தோள் நின்று பெரும் மரக்கட்டையொன்றை வேரோடு பெயர்க்கும் காட்சி, காடு கொன்று நாடாக்கும் செயலின் கொண்டாட்டமே.

ஆயின் இது வெறும் வெற்றிக் கதையாக இருப்பின் நாம் அழமாட்டோம். தொல்காப்பியர் அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைக் கூறினார். அசைவு என்பதற்குப் பண்டைய நிலை கெட்டு வேறாகி வருந்துதல் என உரைகாரர் பொருள்கொண்டனர். இந்நான்கையும் படத்திற் பொருத்திப் பார்க்கலாம். குடியேற்றவாசிகள் கடையில் இழிவுசெய்யப்படுவது இளிவு. டொறியின் மரணமும் ஷேனின் பிரிவும் இழவு. அவர்களின் எளிய குடிசை வாழ்வு வறுமை. பண்டைய நிலை கெட்டவர் யார் எனப் பார்த்தால், முதலில் நிற்பவர் பூர்வகுடிகள். அவர்கள் படத்தில் இல்லை. அடுத்து நிற்பவன் ரைக்கர். அவனுக்காக அழப் படம் நம்மை விடுவதில்லை. ஆக, காணியிழப்பின் துயரத்துக்கு மிகவுரிய அசைவு விலக்கப்பட, எஞ்சிய மூன்றும் குடியேற்றவாசிக்கே ஒதுக்கப்படுகின்றன. நெகிழ்ச்சி என்பது இயல்பாகப் பெருகும் ஒன்று போலத் தோன்றினும், அதற்கும் ஒரு பங்கீட்டு முறை உண்டு.

இப்பங்கீட்டை நாம் உணராவண்ணம் மறைப்பவை இரண்டு. ஒன்று, குரோதர் பாராட்டிய சிறுவனின் பார்வை. ஜோயிக்கு நேற்று என்பது இல்லை. அவன் கண்திறந்தபோதே வேலி இருந்தது. அவன் கண்களால் நிலத்தைப் பார்க்கும் நாமும் அதன் முன்வரலாற்றைக் கேளாதவராகின்றோம். மற்றையது, ஷேனின் புறப்பாடு. கொலைசெய்த கை பள்ளத்தாக்கைவிட்டு நீங்குகின்றது. ஸ்டாரெட்டின் கையிற் குருதி இல்லை. வன்முறையாற் பெற்ற பயன் நிலைத்துநிற்க, வன்முறையின் பொறுப்பு மட்டும் குதிரையேறி மலைக்கப்பால் மறைகின்றது. குற்றம் புறப்பட்டுப் போகக் காணி தங்கிவிடும் இவ்வொழுங்கே இப்படத்தின் அழகியலுக்கும் அரசியலுக்கும் பொதுவான அச்சாகும். வோர்ஷோ ஷேனை ஓர் ஆவியெனக் கண்டது சரியே. அவ்வாவி யாருடைய பாவத்தைச் சுமந்து சென்றது என்பதை அவர் கேட்டிருக்கலாம்.

6. கீழைத்தேயத்துக்கு வந்த குதிரைகள்

இவ்வகைப் படம் தென்னாசியாவுக்குப் பெயர்ந்தபோது என்னாயிற்று என்பதும் இவ்விடத்திற் சுருக்கமாக நோக்கத்தக்கது. தமிழகத்தில் எம். கர்ணன் 1972 இல் ஜெய்சங்கரைக் கொண்டு எடுத்த ‘கங்கா’ முதலான படங்கள் குதிரையையும் தொப்பியையும் துப்பாக்கியையும் பெற்றுக்கொண்டன. காணிப் பிணக்கு அவற்றின் மையமாகவில்லை. ஹிந்தியில் ரமேஷ் சிப்பி எடுத்த ‘ஷோலே’ 1975 ஓகஸ்ட் 15 இல், இந்திரா காந்தி அவசரகால நிலையைப் பிரகடனஞ்செய்து இரு மாதங்கள் முடியுமுன்னர் வெளியாயிற்று. தொடக்கத்தில் விமர்சகர் பலர் அதனைப் போலி வெஸ்டர்ன் என ஒதுக்கினர். மக்களோ அதனை ஏற்றனர். பம்பாய் மினர்வா திரையரங்கில் அது ஐந்தாண்டுகள் ஓடிற்று. காலப்போக்கில் விமர்சகரும் அதனைச் செந்நெறிப் படமாகக் கொண்டாடினர்.

வகைமையின் தூய்மை பற்றிய அத்தொடக்ககால ஐயத்தில், வர்க்க உறவின் தலைகீழ் மாற்றம் உரிய கவனம் பெறவில்லை. ‘ஷேனில்’ வில்லன் பெரும் நிலவுடைமையாளன். ‘ஷோலே’யில் ஊரைக் காக்கக் கூலிக்கு வீரரை அமர்த்துபவனே நிலவுடைமையாளனாகிய தாக்கூர். விவசாயிகள் அவன் நிழலில் ஒதுங்குகின்றனர். இங்கும் கண்ணீருக்குப் பங்கீடு உண்டு. தாக்கூர் இழந்த கைகளுக்காக நாம் அழுகின்றோம். அவ்வூரில் நிலம் யாருக்கு எவ்வளவு என்பதைப் படம் நமக்குச் சொல்வதில்லை.

7. திருகோணமலையிலிருந்து நோக்குதல்

‘ஷேன்’ வெளியான 1953 இலங்கை வரலாற்றில் முக்கியமானதோர் ஆண்டு. திருகோணமலைத் துறைமுகம் அன்று பிரித்தானியக் கடற்படைத் தளமாகவே இருந்தது. அது இலங்கையிடம் கையளிக்கப்பட்டது 1957 ஒக்டோபரில். கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு உயர்த்தப்பட்டதையடுத்து, 1953 ஓகஸ்ட் 12 இல் இடதுசாரிகளின் தலைமையில் மாபெரும் ஹர்த்தால் நிகழ்ந்தது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலொன்றிற் கூடவேண்டிய நிலை ஏற்பட்டது.

அரிசியும் காணியும் ஒரே பிரச்சினையின் இரு முகங்கள். 1840 ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டம், பயிரிடப்படாத நிலமெல்லாம் முடிக்குரியதெனக் கொள்ள வழிசெய்தது. காடும் மேய்ச்சற்றரையும் இதனால் ‘வெற்று நிலம்’ ஆயின. மலைநாட்டில் அந்நிலம் பெருந்தோட்ட முதலாளிகளுக்குச் சென்றது; அங்கிருந்த சிங்களக் கிராமத்தவர் காணியின்றி நெருக்குண்டனர். தீர்வு இருவகையில் அமைந்திருக்கலாம். தோட்டக் காணிகளைப் பங்கிடுவது ஒன்று. வறண்ட வலயத்துக்கு மக்களை அனுப்புவது மற்றொன்று. காணிச் சீர்திருத்தம் 1972 வரை காத்திருந்தது. குடியேற்றத்துக்கோ 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டமே அடிகோலிற்று. சுதந்திரத்தின் பின் கல்லோயா, கந்தளாய், அல்லை முதலிய திட்டங்கள் விரிந்தன. ஆளும் வர்க்கம் தன் சொத்தைத் தொடாமலே ஏழை விவசாயியின் காணிப்பசியை ஆற்ற இத்திட்டங்களிற் கண்ட வழி, ஐக்கிய அமெரிக்காவின் எல்லைப்புறத்துக்குக் கற்பிக்கப்பட்ட பணியை ஒத்தது. நெருக்கடியை வெளியேற்றும் ஒரு வாயிலாக அவ்வெல்லைப்புறம் அங்கு எண்ணப்பட்டது.

அவ்வாறு அனுப்பப்பட்டோர் பெரும்பான்மையும் சிங்களவராக அமைந்தமையும், கிழக்கின் தேர்தல் விகிதாசாரம் அதனால் மாறியமையும் தற்செயலானவை எனக் கொள்ளுதல் இயலாது. 1921 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் திருகோணமலை மாவட்டத்திற் சிங்களவர் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. 1981 இல் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர். குடியேற்றத்தில் யாரைத் தெரிவது என்னும் அதிகாரத்தைப் பிராந்திய சபைகளுக்கு வழங்க இணங்கிய 1957 ஆம் ஆண்டு பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம், 1958 ஏப்பிரலிற் கைவிடப்பட்டது. முதலிக்குளம் மொறவெவவாயிற்று. தென்னமரவாடி மக்கள் 1984 இலும் சம்பூர் மக்கள் 2006 இலும் தம் ஊர்களை நீங்கினர். மேய்ச்சல் வெளியின் கதையும் முடிந்துவிடவில்லை. அயல் மாவட்டமான மட்டக்களப்பின் மயிலத்தமடு, மாதவனைப் பகுதியிற் கால்நடைப் பண்ணையாளர் தம் மேய்ச்சற்றரைக்காக 2023 செப்டெம்பரிற் போராட்டம் தொடங்கினர்.

இவ்வரலாற்றை அறிந்த ஒருவர் ‘ஷேன்’ படத்தைப் பார்க்கும்போது, அரசாங்கம் அவ்வாறு கருதவில்லை என்ற ஸ்டாரெட்டின் வாதம் வேறு தொனியில் ஒலிக்கும். பாஸ்டனிலோ பாரிசிலோ இருந்து கேட்பவர்க்கு அது சாதாரண குடிமகனின் நியாயமாகத் தோன்றலாம். திருகோணமலையில் இருந்து கேட்பவர்க்கு அது கச்சேரியின் குரலாகவும் ஒலிக்கின்றது.

ஆயினும் இவ்விடத்தில் நாம் நின்று சிந்திக்க வேண்டும். கந்தளாயிலும் சேருவிலவிலும் குடியேறியவர்கள் ரைக்கர்கள் அல்லர். மலேரியாவும் யானையும் வரட்சியும் நிறைந்த வெளியில் மண்வெட்டியோடு இறக்கப்பட்ட காணியற்ற ஏழைகளே அவர்களுட் பலர். போர்க்காலத்தில் அரசு அவர்களுட் சிலரின் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, அவர்களைத் தன் எல்லைக் காவலராக்கிற்று. அவர்களுட் பலர் ஆயுதமேந்தியோராற் கொல்லப்பட்டனர். தமிழ், முஸ்லிம் கிராமங்களிலும் குருதி சிந்தப்பட்டது. நம் தேசியவாத எழுத்து, இவ்வேழைகளை வில்லன்களாக்கி நமக்கென ஒரு ‘ஷேன்’ படத்தை ஆக்கிக்கொள்ள முற்படின், ஹொலிவூட்டின் தவற்றையே நாம் மறுபடியும் செய்தவராவோம். அதிலும் குழந்தையின் கண் இருக்கும், தனிவீரன் இருப்பான், நேற்று என்பது நமக்கு வசதியான ஓர் இடத்திலே தொடங்கும்.

அவ்வசதியான இடத்துக்கு முன்னரும் இங்கு மக்கள் இருந்தனர். மூதூர், வெருகல் பகுதிகளிலே தமிழ் பேசி வாழும் கரையோர வேடர் நமது காணி வரலாறுகளிற் பெறும் இடம், ‘ஷேனில்’ சையன் இனத்தார் பெறும் இடத்திலும் பெரிதென்று கூறமுடியுமா? முதியவரின் வினாவை நேர்மையோடு கேட்போர், அது தம் வாசலுக்கும் வரும் என்பதை ஏற்றாகவேண்டும்.

8. முடிவுரை

‘ஷேன்’ ஒரு சிறந்த படம். அதனைக் கண்டு அழுவது இழுக்கல்ல. மிகையுணர்ச்சி என்ற ஒரு சொல்லால் மக்களின் கண்ணீரை ஒதுக்கிவிடுவது படித்தோரின் மேட்டிமையே. முற்போக்கு விமர்சனமும் அத்தவற்றினின்று முற்றாக நீங்கியதில்லை. ஏழை விவசாயியின் வீட்டுக்கு நெருப்பு வைக்கப்படும்போது நாம் கொள்ளும் சினம் நேரிய சினமே. அச்சினத்தை யார் மீது செலுத்தவும், யாரை மறந்துவிடவும் ஒரு படைப்பு நமக்குக் கற்பிக்கின்றது என்பதை வெளிப்படுத்துவது விமர்சகரின் கடமையாகும். வோர்ஷோவும் பஸானும் இப்படத்தின் வடிவத்தை வினவினர். றைற்றும் ஸ்லொட்கினும் அதன் சமூகப் பயனை வினவினர். காணி யாருடையது என்று வினவுதல், காணியிழந்தோரும் காணிக்காக அனுப்பப்பட்டோரும் அருகருகே வாழும் நம் போன்ற மாவட்டத்தாருக்குரிய பங்களிப்பாக அமையலாம். நமது திரைப்படங்களையும் நாவல்களையும் இவ்வினாவோடு மறுவாசிப்புச் செய்யும் பணி இன்னும் எஞ்சியுள்ளது.

படத்தின் ஈற்றில் ஷேன் இடுகாட்டினூடே குதிரையிற் செல்கின்றான். டொறியைப் புதைத்த மேடு அங்கேயிருக்கின்றது. குடியேற்றவாசிகள் கூடிநின்று அழுது அடக்கிய மேடு அது. 1895 இல் அதே பள்ளத்தாக்கிற் சுடப்பட்ட பனொக் முதியவருக்குத் திரையில் ஒரு பிடி மண்ணும் ஒதுக்கப்படவில்லை.